இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம் பட்டால்

மாதவிலக்கு முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். திடீரென்று உள்ளாடையில் லேசாக ஒரு பழுப்புக் கறை. மறுநாள் இல்லை. அடுத்த மாதமும் அதே மாதிரி. நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் முதல் விளக்கம் ‘உடம்புச் சூடு’. வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி என்பார்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் ‘நிற்கப் போகிற நேரம், அப்படித்தான் இருக்கும்’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இளநீரால் கெடுதல் ஒன்றுமில்லை. அந்த விளக்கத்தை நம்பி ஓராண்டு, ஈராண்டு என்று பெண்கள் சும்மா இருந்துவிடுவதுதான் கவலைப்பட வைக்கிறது. நடுவில் ரத்தம் படப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை சாதாரணமானவை, சில அப்படியல்ல. எது என்பதை ஊகத்தில் முடிவு செய்ய முடியாது, பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் எது இயல்பு என்று பார்த்துவிடலாம். ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்கின் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள் வரை இருக்கலாம். ரத்தப்போக்கு எட்டு நாளுக்குள் நின்றுவிட வேண்டும். 28 நாள் என்பது வெறும் சராசரி. 33 நாளுக்கு ஒரு முறை ஒழுங்காக வருகிறது என்றால் அதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் 18ஆம் நாள் ரத்தம் பட்டால் அது சீக்கிரம் வந்த மாதவிலக்கா, நடுவில் கசிந்ததா என்று குழப்பம் வரும். ‘கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?’ என்று டாக்டர் கேட்கும்போது பலர் விழிப்பது இதனால்தான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் குறித்து வைக்கும் அதே மாதக் காலண்டரில், மாதவிலக்கு நாட்களுக்கு ஒரு வட்டம் போடுங்கள். நடுவில் ரத்தம் பட்ட நாளுக்கு ஒரு புள்ளி. தாம்பத்திய உறவுக்குப் பிறகு பட்டிருந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரிய வேண்டியதில்லை. அந்தத் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து டாக்டரிடம் காட்டினால், பத்துக் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கும். ஆனால் கணக்கு எழுதி முடியட்டும் என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ கையில் இருக்கும் கணக்கோடு போய்விடுங்கள்.

சரியாக நடுவில் மட்டும் லேசாகப் படுவதற்கு இயற்கையான காரணம் ஒன்று உண்டு. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பாகச் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறுகிறது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14ஆம் நாள் வாக்கில், 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21ஆம் நாள் வாக்கில் நடக்கும். அதற்குச் சற்று முன்புவரை உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கர்ப்பப்பையின் உட்சவ்வு சில துளி ரத்தத்தைக் கசிய விடுவது உண்டு. இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, வழுவழுப்பாக இழுபடும் வெள்ளைப்படுதலோடு கலந்து வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக இலேசான வலியும் இருக்கலாம். சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள், அவ்வளவுதான். நாப்கின் நனையாது. இப்படி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சிகிச்சையும் தேவையில்லை. நான்கைந்து நாள் நீடித்தாலும், மாதத்துக்கு மாதம் வேறு வேறு நாளில் வந்தாலும், நாப்கின் வைக்கும் அளவுக்குப் போனாலும் இந்த விளக்கம் பொருந்தாது.

அடுத்து, என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் இடையிடையே ரத்தம் படுவது சகஜம். அரசு மருத்துவமனைகளில் போடப்படும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியிலும் அப்படித்தான். மாலா-என் போன்ற தினசரி மாத்திரையில் இரண்டு நாள் விட்டுப்போனாலே கறை படும். அவசரக் கருத்தடை மாத்திரை அந்த மாதக் கணக்கையே மாற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க இதய நோயாளிகள் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

கர்ப்பமாக இருக்கலாமோ என்ற கேள்வியை யாரும் தவிர்க்கக் கூடாது. ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்றே’ என்று சொல்பவர்களும் இதில் அடக்கம். அந்த அறுவை சிகிச்சை மிக அரிதாகத் தவறுவதுண்டு. அப்படித் தவறும்போது கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். ரத்தம் படுவதோடு ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி இவை சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை முதல் சந்தேகத்தைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடும்.

உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது தனிக் கதை. அங்கே கண் முதலில் போக வேண்டியது கர்ப்பப்பை வாய்ப் பக்கம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், வாய்ப்பகுதியில் வளர்ந்த ‘பாலிப்’ எனும் சிறு சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம், புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இதற்கான பரிசோதனை இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மாறுபட்ட திசுக்கள் வெள்ளையாகத் தெரியும். வலி கிடையாது. ரத்தம் படாதவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும்.

இனி கர்ப்பப்பைக்குள்ளேயே வளரும் பாலிப்புக்கு வருவோம். மாதவிலக்கில்லாத நாளில் வரும் ரத்தப்போக்கையும், அதிக ரத்தப்போக்கையும் வகைப்படுத்தப் பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011-ல் ஒன்பது பிரிவுகளை வகுத்தது. அந்த வரிசையில் முதலில் நிற்பது பாலிப்தான். ஃபைப்ராய்டு எனும் தசைக்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போகும் அடினோமயோசிஸ், உட்சவ்வு மிகைவளர்ச்சி, புற்றுநோய், ரத்தம் உறைவதில் குறை, தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினையால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை என்று மற்றவை தொடரும்.

கர்ப்பப்பையின் உட்சவ்வு ஒவ்வொரு மாதமும் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்துவிடும். அந்தச் சவ்வின் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டால் அதுதான் பாலிப். நடுவில் தனக்கென்று ஒரு ரத்தக்குழாய், சுற்றிலும் சுரப்பிகளும் மென்திசுவும். சில பாலிப்கள் காம்போடு தொங்கும், சில அகலமாகச் சுவரோடு ஒட்டியிருக்கும். சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை அளவு இருக்கலாம், ஒன்றும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். இதை ஊட்டி வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். அதனால் நாற்பது, ஐம்பதுகளில் இருக்கும் பெண்களிடம் அதிகம் காண்கிறோம். உடல் பருமனும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே. (ரத்தம் பட்டது என்று பயந்து அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.)

பாலிப் ஏன் நாள் பார்க்காமல் கசிகிறது? சுற்றியிருக்கும் சவ்வு ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டு ஒரே நேரத்தில் உதிர்கிறது. பாலிப் அந்த ஒழுங்குக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அதன் நுனியில் ரத்தம் தேங்கும், மெல்லிய குழாய்கள் எளிதில் உடையும், நுனி புண்ணாகும். அதனால் மாதவிலக்கு முடிந்த பிறகும் இரண்டு நாள் கறை, நடுவில் கறை, வருவதற்கு முன்பே கறை. சிலருக்கு மாதவிலக்கே அதிகமாகப் போகும். இன்னும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். பெரிய பாலிப் என்றால் அதிக ரத்தம், சிறியது என்றால் குறைவு என்ற கணக்கும் இல்லை.

‘கட்டி’ என்று காதில் விழுந்ததும் மனசு புற்றுநோய்க்குத்தான் ஓடும். பாலிப்களில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்று அல்லது அதற்கு முந்தைய மாற்றம் காணப்படுவது நூற்றில் சிலவற்றில்தான். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுபவர்களிடம் அந்த விகிதம் கூடுகிறது. 1 சென்டிமீட்டருக்குக் குறைவாக, தொந்தரவில்லாமல் இருக்கும் சிறு பாலிப்கள் சில தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. இளவயதுப் பெண்ணுக்கு அப்படி ஒன்று தென்பட்டால், சில மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்வது நியாயமான ஆலோசனைதான்.

ஸ்கேனுக்கு நாள் முக்கியம். மாதவிலக்கு முடிந்த அடுத்த சில நாட்களில், அதாவது சுழற்சியின் பத்தாம் நாளுக்குள், உட்சவ்வு மெல்லியதாக இருக்கும். அதில் பாலிப் பளிச்சென்று தெரியும். இருபதாம் நாள் போனால் சவ்வே தடித்துப் பஞ்சு மெத்தையாகியிருக்கும், உள்ளே பாலிப் இருந்தாலும் மறைந்துவிடும். இல்லாத பாலிப் இருப்பதாகவும் தோன்றிவிடும். ‘உட்சவ்வு 14 மி.மீ. தடித்துள்ளது’ என்ற ஒரு வரியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் பலர். அது எந்த நாளில் எடுத்த ஸ்கேன் என்று முதலில் பார்க்க வேண்டும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அந்த அளவு இயல்பானதே.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனைவிடப் பிறப்புறுப்பு வழியாக எடுப்பதில் தெளிவு அதிகம். திருமணமாகாத பெண்களுக்கு அது வழக்கமில்லை. தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்று வழியாகவே எடுப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் சிறிது உப்புநீர் செலுத்தி ஸ்கேன் எடுக்கும் முறை இருக்கிறது. நீர் சுவர்களை விலக்குவதால் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப்பின் உருவம் தனியாகத் தெரியும். இதோடு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் ரத்தம்தானே என்று நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறது. அந்த உடம்பிலிருந்துதான் இதுவும் போகிறது.

சிகிச்சையில்தான் நம் ஊரில் அதிகக் குழப்பம். முதல் குழப்பம் மாத்திரை. ரத்தத்தை நிறுத்தத் தரும் ஹார்மோன் மாத்திரையும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் போக்கைக் குறைக்கும், பாலிப்பைக் கரைக்காது. மாத்திரை சாப்பிடும்வரை நிற்பது, விட்டதும் வருவது, மறுபடி அதே சீட்டைக் காட்டிக் கடையில் வாங்குவது என்று மாதங்கள் ஓடிவிடும். பழைய சீட்டில் மாத்திரை வாங்கும் இந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, ‘சுத்தம் செய்வது’ என்று நாம் சொல்லும் டி அண்ட் சி. கர்ப்பப்பை வாயை விரித்து, ஒரு கருவியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுப்பது. செய்பவர் உள்ளே பார்ப்பதில்லை, கை உணர்வை வைத்துத்தான் சுரண்டுகிறார். காம்போடு அசையும் பாலிப் அந்தக் கருவிக்கு நழுவி ஒதுங்கிவிடும், அல்லது பாதி மட்டும் வரும். சுத்தம் செய்து இரண்டு மாதத்தில் மறுபடி ரத்தம் என்று வருபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

பார்த்து எடுக்கும் முறைக்குப் பெயர் ஹிஸ்டரோஸ்கோப்பி. இது நேற்று வந்த புதுமையல்ல. 1869-ல் பான்டலியோனி என்ற மருத்துவர், மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு நிற்காத 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, விளக்கொளியைக் கண்ணாடியால் உள்ளே திருப்பிப் பார்த்தார். பாலிப் போன்ற ஒரு வளர்ச்சி தெரிந்தது. சில்வர் நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். உயிருள்ள ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் கண்ணால் பார்த்துச் செய்த முதல் சிகிச்சையாக மருத்துவ வரலாற்றில் பதிவானது இது. தொடக்கமே பாலிப்தான்.

இன்றைய கருவி சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள கேமராக் குழாய். வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. பிறப்புறுப்பு, கர்ப்பப்பை வாய் வழியாகவே உள்ளே போகும். உப்புநீர் பாய்ச்சியதும் கர்ப்பப்பை விரிந்து, திரையில் வெளிர்சிவப்பான ஓர் அறை தெரியும். மேல் மூலைகள் இரண்டிலும் கருக்குழாயின் சிறு துவாரங்கள். பாலிப் இருந்தால், குளத்தில் பாசி அசைவதுபோல அந்த நீரோட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். மேலே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்கூடத் தெரியும். அது எங்கே பிடித்திருக்கிறதோ அந்த அடியைப் பார்த்துக் கத்தரியாலோ மின்கம்பி வளையத்தாலோ வெட்டி எடுப்பார்கள். சிறிய பாலிப் என்றால் மயக்க மருந்தே இல்லாமல் செய்யும் இடங்கள் உண்டு. பெரிதென்றால் குறுகிய நேர மயக்கம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். மாதவிலக்கு வலி போன்ற வலி ஓரிரு நாளும், லேசான கறை ஒன்றிரண்டு வாரமும் இருக்கலாம். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, கடும் வயிற்றுவலி வந்தால் திரும்பப் போக வேண்டும். கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது போன்ற சிக்கல்கள் அரிது.

எடுத்த சதையைக் கண்டிப்பாகப் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். ‘அனுப்பியாச்சா, ரிசல்ட் எப்போ வரும்?’ என்று நோயாளியே கேட்கலாம், கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘பினைன்’ என்றிருந்தால் சாதாரண வளர்ச்சி. ‘ஹைப்பர்பிளாசியா’ என்றால் உட்சவ்வு மிகைவளர்ச்சி. அதோடு ‘அட்டிப்பியா (செல்களில் மாறுபாடு) இல்லை’ என்றிருந்தால் ஹார்மோன் சிகிச்சையிலும் கண்காணிப்பிலும் பெரும்பாலும் சரியாகும். ‘அட்டிப்பியா உள்ளது’ என்றால் அது புற்றின் வாசல்படி, தாமதிக்கக் கூடாது. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பாலிப் மறுபடி வளரக்கூடியது, அப்போது பழைய ரிப்போர்ட் கைகொடுக்கும்.

மூன்றாவது குழப்பம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. ‘குழந்தை பெற்றாயிற்று, இனி இந்தப் பையால் என்ன உபயோகம், எடுத்துவிடலாம்’ என்ற பேச்சு. சாதாரண பாலிப்புக்காகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள். ஆந்திரத்தில் அது ஏறத்தாழ 9. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டது தொடர்பான வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சினைப்பையையும் சேர்த்து இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேயும், இதய நோய்க்கு வாய்ப்புக் கூடும். புற்றுநோய், அட்டிப்பியா, வேறு வழியில் அடங்காத ரத்தப்போக்கு போன்றவற்றில் கர்ப்பப்பை நீக்கம் உயிர் காக்கும் சிகிச்சைதான். ஆனால் பாலிப் என்ற ஒரு சொல்லுக்காக யாராவது அதைப் பரிந்துரைத்தால், ‘ஹிஸ்டரோஸ்கோப்பியில் எடுக்க முடியாதா?’ என்று கேளுங்கள். பதில் திருப்தி தரவில்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட்டுகள் உங்களுடையவை, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம் பாலிப் வேறு விதமாக வெளிப்படுவதும் உண்டு. ரத்தமே படாது, கரு மட்டும் தங்காது. 2005-ல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு முன்பே பாலிப்பை எடுத்துவிட்ட பெண்களில், எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் கருவுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிகிச்சை தொடங்கும் முன்பே இயல்பாகக் கருத்தரித்துவிட்டார்கள்.

கடைசியாக, மாதவிலக்கு நின்றுவிட்டவர்கள். ஒரு வருடம் முழுதும் வராமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிலக்கு அல்ல. ‘திரும்ப வந்துவிட்டது’ என்று பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் அம்மாக்களும் அத்தைகளும் இருக்கிறார்கள். வறண்டு மெலிந்த உட்சவ்வு, பாலிப் என்று சாதாரணக் காரணங்களே அதிகம். ஆனால் இப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கக்கூடும். அந்தப் புற்றுநோய் வரும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறியே இந்த ரத்தம்தான். அதாவது அது சீக்கிரமே குரல் கொடுத்துவிடுகிறது, தொடக்கத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். இந்த வயதில் ஸ்கேனுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை, உடனே எடுக்கலாம். உட்சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தால் பயாப்சி தேவை. முதல் ஸ்கேன் நன்றாக இருந்து, சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டால், பழைய ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாமல் மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும்.